நம்பர் பாத்து எடுத்துக்கோ!

ஃபோன் அலறியது.

அக்கா நிமிரவில்லை. பட்டறை மேஜையின் வைஸ் இடுக்கியில் பிடித்திருந்த எஃகு விசிறியின் இறக்கையை அரத்தால் ராவிக்கொண்டே ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள்.

'எடுக்காதே' என்றது திரை.

எடுக்கவில்லை!

பதினோரு மாதங்களுக்கு முன்னால் அவளே அப்படிப் பதிந்து வைத்த பெயர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய புருஷனின் நம்பருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அவளுக்குத் தோன்றவில்லை. துறைமுகத்தில் மற்ற எல்லோருக்கும் அவன் கோச். ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் பைக்கை ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தண்ணீரில் எவ்வளவு லாவகமோ, வீட்டில் அவ்வளவு முரண்டு. குழாயைத் திறந்து போட்டது அவன்தான் என்று வீடே நனைந்து சாட்சி சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

'நீ சொன்னா சரியாயிடுமா?' என்பான்.

அந்த ஒரு கேள்வியில்தான் பத்து வருஷக் குடித்தனம் ஓடியது. அதே கேள்வியில்தான் முறிந்தது.

ஃபோன் மறுபடி அலறியது. ஓய்ந்தது.

மூன்றாம் முறை அலறியபோது அரத்தைக் கீழே வைத்தாள். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு? எதுவா இருந்தாலும் வக்கீல்கிட்ட பேசுங்க."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் அலைச் சத்தம்... யாரோ யாரையோ தள்ளிப் போகச் சொல்லும் சத்தம்...

"ஹலோ! பேசப் போறீங்களா, வைக்கட்டுமா?"

"நம்ம தவளை..."

"தவளைக்கு என்ன?"

"நீ வா. உடனே வா. யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லிட்டு வா... நீ ஓட்டாதே."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஃபோன் கையிலிருந்து நழுவி, இரும்புத்தூளில் விழுந்தது.

* * *

தவளை அவளுடைய தம்பி. இருபத்தாறு வயது.

ஆறு வயதில் தண்ணீர் எங்கே தேங்கியிருந்தாலும் தாவிக் குதித்ததால் வந்த பட்டப்பெயர் அது. அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அதற்கப்புறம் அம்மாவும் அக்காதான். அவன் 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, அவளைவிட மூத்த மெக்கானிக்குகளுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் கழுத்து வரை வெள்ளைத் துணியோடு படுத்திருந்தான். தூங்குகிறவன் போலத்தான் இருந்தது முகம். நெற்றியின் வலது பக்கத்தைப் பார்க்காதவரை!

துணிக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிறு அதில்தான் மாட்டியிருக்கும்.

"பட்டை போட்டிருக்கான்..." என்றாள் அக்கா. "போடாம ஏறினா கால ஒடிச்சுடுவேன்னு சொல்லியிருந்தேன். சொன்னபடி போட்டிருக்கான் பாருங்க..."

அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. அறை வாசலில் நின்ற நர்ஸ்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அழுகை.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் கோச் உட்கார்ந்திருந்தான். உடம்பை ஒட்டிய ரப்பர் உடுப்பிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே துறைமுக ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் நோட்டும் பேனாவுமாக நின்றார். நீச்சல் தெரியாத மனிதர். அவரைத் துறைமுகத்தில் போட்டது மேலதிகாரி செய்த ஜோக் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஷோ சார். சுவர் ஓட்டம்னு ஒரு வித்தை. மிதவையிலேர்ந்து ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கி, அலைதடுப்புச் சுவரைப் பாத்து நேரா போவான். மனசுக்குள்ள ஆறு எண்ணுவான். ஆறுல திரும்புவான். சுவர் மேல நிக்கிற ஜனம் மொத்தமும் நனையும்."

"பைத்தியக்கார வித்தை."

"நூறு தடவைக்கு மேல பண்ணியிருக்கான் சார். ஒரு தடவைகூட தப்பினதில்ல."

"இன்னிக்கு?"

கோச் தரையைப் பார்த்தான்.

"இன்னிக்கு அவன் அஞ்சு எண்ணியிருப்பானான்னே தெரியல... அதுக்குள்ள சுவர் வந்துடுச்சு. நான் பக்கவாட்டுலதான் போயிட்டிருந்தேன். என் ஸ்கீ அவன் ஸ்கீயைவிட வேகமானது. ஆனா என்னால அவனைப் பிடிக்க முடியல. என்னை விட்டு விலகிப் போயிட்டே இருந்தான்... கத்தினேன் சார். கேக்கல."

"பொய்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் கோவைப் பழமாகச் சிவந்திருந்தன.

"இந்த ஆள் சொல்றது பொய் சார்! தம்பி ஸ்கீ இவர் ஸ்கீயை முந்துமா? தலைகீழா நின்னாலும் முந்தாது!"

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"ரெண்டு ஸ்கீக்கும் இன்ஜின் கட்டினது நான். வாங்க. காட்டறேன்."

கோச் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தான்.

* * *

துறைமுக முற்றத்தில், தகரக் கூரைக்கு அடியில் இரண்டு ஸ்கீக்களையும் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். உட்கார இருக்கை கிடையாது. நின்றுகொண்டே ஓட்டும் வகை. தவளையின் ஸ்கீக்கு மூக்கே இல்லை. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது.

அக்கா சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்தாள். ஸ்கீயின் வயிற்றில் தண்ணீர் நுழைகிற வாய்க்குள் டார்ச்சை அடித்தாள்.

உள்ளே எஃகு பளபளத்தது.

"குனிஞ்சு பாருங்க சார். தெரியுதா?"

"விசிறி மாதிரி ஒண்ணு தெரியுது."

"அதான் இம்பெல்லர், பம்ப்புக்குள்ள சுத்தறது. கீழேயிருந்து தண்ணிய உறிஞ்சி, பின்னால பீய்ச்சி அடிக்கும். ஸ்கீ ஓடறதும் அதாலதான், திரும்பறதும் அதாலதான். நடுவுல குண்டு மேல ஒரு நம்பர் அடிச்சிருக்கு. படிங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது... பதினஞ்சு."

"அவ்வளவுதான் சார். கேஸ் முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த குரலில், வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே சொன்னாள். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் நடுங்காது.

"கியர் சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

"ஒரு தடவை. முன் பல்லு ரெண்டும் அதுலதான் போச்சு."

"சின்ன கியர்ல சட்டுனு கிளம்பும். ஆனா ஒரு அளவுக்கு மேல கால்தான் சுத்தும், சைக்கிள் போகாது. பெரிய கியர்ல கிளம்பறது மந்தம். கிளம்பிட்டா வேகம் ஏறிட்டே போகும். இம்பெல்லரும் அப்படித்தான். இறக்கை கம்மியா சாஞ்சிருந்தா சின்ன கியர். அதிகமா சாஞ்சிருந்தா பெரிய கியர்."

"அந்த நம்பர்?"

"சாய்வோட அளவு. முதல் நம்பர் முன் விளிம்புக்கு. ரெண்டாவது பின் விளிம்புக்கு. வேகத்தை முடிவு பண்றது பெரும்பாலும் பின் விளிம்புதான். தம்பிக்கு ரேஸ் கிடையாது, வித்தைதான். நின்ன இடத்துலேர்ந்து தாவணும். அதுக்குத்தான் பதினஞ்சு. அது தாவும், பறக்காது. இந்த ஆளோட ஸ்கீயில இருக்கறது பதினேழு. பதினஞ்சு பதினேழை விட்டு விலகிப் போச்சுன்னு சொன்னா, பச்சைக் குழந்தைகூட சிரிக்கும்."

இன்ஸ்பெக்டர் மோவாயைச் சொறிந்தார்.

"இறக்கைய யாராவது வளைச்சிருந்தா?"

"வளைப்போம் சார். நானே வளைப்பேன். ஆனா வளைச்சா பழைய நம்பரை உளியால வெட்டிட்டு, புது நம்பரை அடிச்சாகணும். அது அடிக்காம ஒரு இம்பெல்லர்கூட என் பட்டறைய விட்டு வெளிய போனதில்ல. எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். நம்பர்தான் அடையாளம். என் பட்டறை நம்பர் பொய் சொல்லாது!"

"சரி, இவர் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"போன வாரம் ரெண்டு பேருக்கும் சண்டை. தவளை டீமை விட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். இவர் ஹெல்மெட்டைத் தூக்கி அடிச்சார். பத்து பேர் பாத்திருக்காங்க. கேளுங்க!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கோச் தூணில் சாய்ந்து நின்றான். அவர் அருகில் போனார்.

"என்ன சார், அம்மா சொல்றது..."

கோச் அவரைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தான்.

"நம்பர் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா பாத்தியா?"

"ஒன்பது பதினஞ்சு. இன்ஸ்பெக்டரும் பாத்தார். இனி என்ன கதை விடப் போறீங்க?"

"பம்ப்பைக் கழட்டிப் பாத்தியா?"

"எதுக்குக் கழட்டணும்? அதான் நம்பர் இருக்கே!"

கோச் நொறுங்கிய ஸ்கீயைப் பார்த்தான். அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தான்.

"அவ சொல்றது சரி சார்," என்றான்.

"எது சரி?"

"தவளை வேகமா போகல. நான்தான் பொய் சொன்னேன். கோவத்துல பக்கத்துல போய் இடிச்சேன். அவன் நிலை தடுமாறி சுவர்ல மோதிட்டான்... எழுதிக்கோங்க. கையெழுத்துப் போடறேன்."

அக்கா பாய்ந்தாள்! இரண்டு கான்ஸ்டபிள்கள் பிடிக்கவேண்டி வந்தது.

"பாவி! உங்களை மாமா மாமான்னு சுத்தி வந்தானே!"

கோச் தலை குனிந்து கைகளை நீட்டினான். விலங்கு 'க்ளிக்'கென்றது.

இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் அவளிடம் சொன்னார்.

"அந்த ஸ்கீக்கு சீல் வைக்கிறேன். கோர்ட்டுக்கு நிபுணர் அறிக்கை வேணும். இம்பெல்லர் பத்தி எழுத இந்த ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்ல. கழட்டிப் பாக்கணும்னாலும் நீங்கதான் பாக்கணும். சனிக்கிழமை நாலு மணிக்குள்ள எழுதித் தாங்கம்மா."

* * *

சனிக்கிழமை. மதியம் இரண்டரை.

எல்லாச் சடங்கும் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள்.

பட்டறையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே வெள்ளைத்தாள். 'இம்பெல்லர் எண் ஒன்பது - பதினைந்து' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். இன்னும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஆயுள் தண்டனை. கை துடிக்கத்தான் செய்தது.

ஆனால் எழுத ஓடவில்லை.

ஏதோ உறுத்தியது.

திறந்த குழாயை ஒத்துக்கொள்ளாத மனுஷன், கொலையை ஏன் ஒரே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டான்?

'நீ சொன்னா சரியாயிடுமா?' என்று ஏன் கேட்கவில்லை?

கண்ணை மூடினாள். முற்றத்தில் நின்ற இரண்டாவது ஸ்கீ ஞாபகத்துக்கு வந்தது. கோச்சின் ஸ்கீ. மஞ்சள் பெயிண்ட். வழவழவென்று... ஒரு கீறல் இல்லாமல்!

இடித்த ஸ்கீயில் கீறல் இல்லையா?

அக்கா எழுந்தாள். பம்ப்பைக் கழட்டிப் பாத்தியா என்று ஏன் கேட்டான்? பின் விளிம்பு கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. முன் விளிம்பும் நம்பரும்தான் தெரியும்...

கண்கள் தாமாகவே சுவர்ப் பலகைக்குப் போயின.

போன மாதம் ஒரே மாதிரி இரண்டு இம்பெல்லர் வாங்கியிருந்தாள். இரண்டிலும் ஒன்பது பதினைந்து. இடது பக்கம் வைத்தது தம்பிக்கு ஸ்பேர். வலது பக்கம் வைத்தது...

வலது பக்கம் வைத்தது கோச்சுக்கு! 'மாமா ஸ்கீக்கு இன்னும் வேகம் வேணுமாம்க்கா, பின் விளிம்பை பதினெட்டுக்கு வளைச்சுக் குடு' என்று தவளைதான் தூது வந்தான். வளைத்தாள். தொழில் வேறு, கோபம் வேறு. ஆனால் நம்பர் அடிக்கவில்லை. 'அந்த ஆளே வரட்டும். என் முன்னாடி நின்னு கேக்கட்டும். அப்புறம் அடிக்கிறேன்' என்று வீம்பாக அப்படியே பலகையில் ஏற்றிவிட்டாள்.

இடது யாருக்கு, வலது யாருக்கு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது பலகையில் ஒன்றுதான் இருந்தது.

இடது பக்கம்!

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எடுத்தாள். சாய்வு அளக்கிற கருவியைப் பின் விளிம்பில் வைத்தாள். நம்பாமல் மூன்று முறை வைத்துப் பார்த்தாள்.

பதினைந்து.

மூன்று முறையும் பதினைந்து!

பலகையில் இருப்பது வளைக்காதது. அப்படியென்றால் தம்பியின் ஸ்கீக்குள் இருப்பது...

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் தவளை இதே கதவருகில் வந்து நின்றான். அவள் அரத்தை நிறுத்தக்கூட இல்லை.

'அக்கா, என் இம்பெல்லர்ல கல்லு அடிச்சு இறக்கை நசுங்கிடுச்சு. ஸ்பேர் எடுத்துக்கவா?'

'ம்.'

'நீயும் மாமாவும் ஒரு தடவை உக்காந்து பேசுங்களேன்க்கா. ப்ளீஸ்...'

'அந்த ஆள் பேச்சை எடுக்காதே. வேணும்ங்கறதை நம்பர் பாத்து எடுத்துக்கோ. கிளம்பு.'

'வரேன்க்கா.'

அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை.

அவன் நம்பர் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான். அக்கா சொன்னபடிதான் எடுத்திருக்கிறான்! இரண்டிலும் ஒரே நம்பர். கதவுக்குப் பக்கத்தில் இருந்தது வலது.

பதினெட்டு கிளம்பும்போது மந்தமாக இருந்திருக்கும். 'என்னடா இன்னிக்கு இழுக்கலையே' என்று இன்னும் அழுத்தியிருப்பான். பழகின கணக்கில் எண்ண ஆரம்பித்திருப்பான். ஒன்று... இரண்டு... மூன்றில் வேகம் ஏறியிருக்கும். நான்கில் நிற்காமல் ஏறியிருக்கும். பயந்து ஆக்சிலேட்டரை விட்டிருந்தாலும் பயனில்லை. பின்னால் தண்ணீர் பீய்ச்சாத ஸ்கீ திரும்பாது.

அக்கா தரையில் சரிந்தாள். இம்பெல்லரை மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடிபட்ட மிருகம் மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

மணி மூன்று பத்து.

மேஜையில் தாள் இருந்தது. நாலு வரிதான் பாக்கி. பம்ப்பைக் கழற்றப் போவதும் அவள்தான். அளக்கப் போவதும் அவள்தான். பதினைந்து என்று எழுதினால் அதற்கு மேல் கேட்க ஊரில் ஆள் இல்லை. உள்ளே இருப்பவனே ஒத்துக்கொண்டுவிட்டான்.

ஒரு நிமிஷம் அந்தத் தாளையே பார்த்தாள்.

பிறகு அதைக் கசக்கி எறிந்துவிட்டு, இம்பெல்லரைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

"அறிக்கை எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா துணியைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் அளவுக் கருவியை வைத்தாள்.

"அவரை விட்டுடுங்க சார். தம்பியைக் கொன்னது நான்."

இன்ஸ்பெக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது.

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. இடது, வலது, வீம்பு, அடிக்காத நம்பர், வியாழக்கிழமை, எல்லாம். நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

"சீலை உடைச்சு பம்ப்பைக் கழட்டுங்க. இந்தக் கருவியை பின் விளிம்புல வைங்க. பதினெட்டு காட்டும். ரெண்டு பல் தடமும் இருக்கும். வளைக்கிற கம்பியோட வாய் கடிச்சது. என் கம்பி."

இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்து ஒரு ஃபோட்டோவை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

"காலையிலதான் வந்துது. சரக்கு ஏத்தற கிரேன்ல இருக்கற கேமரா."

சாம்பல் நிறத் தண்ணீர். சுவரை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. அதற்கு வெகு தூரம் பின்னால் இன்னொரு புள்ளி.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸை நிறுத்தலாம்மா. இவர் இடிக்கவே இல்ல. சாயங்காலம் நானே உங்களைக் கூப்பிட்டுக் கேக்கறதா இருந்தேன், இவர் எதுக்குப் பொய் சொல்றார்னு." கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கூட்டிட்டு வாங்கப்பா!"

கோச் வந்தான். ஆறு நாள் தாடி. மேஜை மேல் இருந்த இம்பெல்லரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அளந்துட்டியா...?"

அக்கா தலையசைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அவன் என்னைத் தாண்டினப்பவே. அந்த வேகம் பதினஞ்சுல வராது. அதுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வியாழக்கிழமை என் ஷெட்லதான் மாட்டினான். பின் விளிம்புல பல் தடம் இருந்துது. பாத்தேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது."

"ஏன் கேக்கல?"

"கேட்டா உன்கிட்ட வந்து சொல்லுவான். 'என் வேலையில குறை கண்டுபிடிக்கறாரா'ன்னு நீ எகிறுவே. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்... ரெண்டு வார்த்தை. கேட்டிருந்தா இருந்திருப்பான்."

"டீமை விட்டுப் போறேன்னானே..." என்றாள் அக்கா. "எதுக்குன்னு சொன்னானா?"

"சொன்னான். 'நீங்க ரெண்டு பேரும் பேசற வரைக்கும் உங்க டீம்ல இல்ல மாமா'ன்னான். அதுக்குத்தான் ஹெல்மெட்டைத் தூக்கி அடிச்சேன்."

அவள் உடைந்துபோனாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள். கோச் பக்கத்தில் வந்து நின்றான். விலங்கிட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் அவள் தோளின் மேல் வைத்தான். அவள் தட்டிவிடவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"நம்பர் அடிக்காததுக்கு எந்தப் பிரிவுல எழுதறதுன்னு எனக்குத் தெரியல," என்றார். "உள்ளது உள்ளபடி எழுதி மேல அனுப்பறேன். முடிவு பண்றது கோர்ட். பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு உங்களுக்கும் ஒண்ணு இருக்கு சார். ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க. விலங்கு சாவியை எங்க வச்சேன்..."

தேடிக்கொண்டே வெளியே போனார்.

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் தவளைதான் உட்காருவான்.

அக்கா கேட்டாள்.

"எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? ஜெயிலுக்குப் போயிருப்பீங்களே!"

"அவன் போயிட்டான். அது உன் கைதான்னு தெரிஞ்சா நீயும் போயிடுவே. ரெண்டு பேரையும் விட்டுட்டு வெளிய இருந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

அவள் கண்களிலிருந்து கண்ணீர் கொட்டியது.

கோச்சும் கண்களைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். விலங்கு இடித்தது. அதே ஈரக் கண்களோடு அவளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"பத்து வருஷத்துல நீ சொன்னதை எதிர்த்துப் பேசாம ஒத்துக்கிட்டது இந்த ஒரு தடவைதான்... அதையும் தப்புன்னு நிரூபிச்சுட்டு வந்து உக்காந்திருக்கியே!"